எதைத் தொட்டாலும் தப்பு

1

கடல் கடந்து போனவர்கள்தாம் இத்தகைய குறிப்புகளை எழுதுவது வழக்கம். நான் கடந்தது ஒரு மாநில எல்லையை மட்டும். ஆரணியில் காலைச் சிற்றுண்டியை முடித்துப் பேருந்து ஏறினால் பிற்பகல் சாப்பாட்டுக்குப் பெங்களூரு வந்துவிடலாம். ஆயினும் இந்த மாதத்தோடு நான் இங்கே குடியேறிப் பத்தாண்டுகள் நிறைகின்றன. அதை எப்படியோ அறிந்துகொண்ட நம் கல்லூரிப் பழைய மாணவர் மலரின் பொறுப்பாளர், "வெளியூர் வாழ்க்கை எப்படி இருக்கிறது, விரிவாக எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார். விரிவாக எழுத என்னிடம் இருப்பது பெரும்பாலும் சலிப்புதான், அதையே எழுதுகிறேன்.

சென்ற வாரம் குடும்ப அட்டையைப் புதுப்பிக்கப் போனேன். என் பெயர் எழிலரசி என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைய கன்னடத்தில் ழகரம் இல்லை என்பதால் வந்த ஆண்டே 'எளிலரசி' ஆனேன். அந்தப் பெயர் ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலத்திலிருந்து மறுபடியும் கன்னடத்துக்குத் திரும்பியபோது 'எலிலரசி' ஆகியிருந்தது. எலிகளின் அரசியாக ஐந்து ஆண்டுகள் மண்ணெண்ணெய் வாங்கிவிட்டேன். திருத்தித் தாருங்கள் என்று கேட்டால், சாளரத்துக்கு அப்பால் இருந்த எழுத்தர், "சவுண்டு ஒண்ணேதானே மேடம்?" என்றார். ஒன்று அல்ல என்பதை நிறுவ ஒரு விண்ணப்பமும், ஓர் உறுதிமொழிப் பத்திரமும், இரண்டு சாட்சிகளும் வேண்டுமாம்.

சமூகப்பணியில் முதுகலை படித்தவள் நான். விண்ணப்பங்களைக் கண்டு அஞ்சுபவள் அல்லள். சொல்லப்போனால், எழுத்தில் கேட்டால் எதுவும் நடக்கும் என்று நம்பியே வளர்ந்தவள். அந்த நம்பிக்கை சென்ற ஆண்டு ஒரே ஒரு சொல்லால் ஆட்டம் கண்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

2

நான் வேலை பார்ப்பது ஒரு கல்வி அறக்கட்டளையில். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்குக் கணினிகள் வழங்குவது அதன் பணி. கணினிகளை வழங்கிய பிறகுதான், அவற்றில் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள் என்ற கேள்வி எங்களுக்கு எழுந்தது. வரிசை மாறிவிட்டது என்று அப்போதே சொன்னேன். குறித்துக்கொண்டார்கள்.

இசையிலிருந்து தொடங்கலாம் என்று முடிவாயிற்று. ஒரு வாரம் இணையத்தைத் துழாவினேன். பிள்ளைகளுக்கென்று இசையைப் பற்றியும் இசைக்கலைஞர்களைப் பற்றியும் உருவாக்கப்பட்ட தளங்கள் ஏராளமாக இருந்தன, அத்தனையும் ஆங்கிலத்தில். பொய்முடி அணிந்த ஐரோப்பியர் ஒருவரைத் தொட்டால் அவர் பியானோ வாசிப்பார். பிடிலைத் தொட்டால் பிடில் சிரிக்கும். நேர்த்தியான வேலைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைப் பார்த்து முடிக்கும் ஒரு பிள்ளை, இசைக்கலைஞர் என்றால் வெகுதொலைவில் வாழ்ந்து வெகுகாலத்துக்கு முன் இறந்துபோனவர் என்றுதான் எண்ணிக்கொள்ளும். நம் இசைக்கென்று இருந்த பக்கங்களோ பெரியவர்கள் பெரியவர்களோடு ராகங்களுக்காகச் சண்டை போடும் இடங்கள். ஒரு குழந்தை தமிழில் 'மேளம்' என்று தேடினால் எதுவும் வராது. தமிழ் எழுத்துருவே பாதிக் கணினிகளில் கிடையாது. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் எழுத்துகளுக்குப் பதில் கோடுகளும் கொக்கிகளும் நிறைந்து வரும்.

கன்னடம், தமிழ், உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் ஒரு தளம் அமைப்பதென்று தீர்மானித்தோம். தமிழ்ப் பகுதி என் பொறுப்பு. நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன்: ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இந்த நகரத்தில் இப்போது வாழும் ஒரு கலைஞரின் பக்கம் இருக்க வேண்டும். பிள்ளை திரையில் பார்த்தவரைத் தெருவிலும் பார்க்க வேண்டும். திட்ட அலுவலர் நாகராஜ் அதற்கு ஒப்புக்கொண்டு, ஒரு படிவத்தையும் அச்சடித்துக் கொடுத்தார். குருவின் பெயர், இசைப் பரம்பரை, அரங்கேற்றம், பெற்ற விருதுகள் என்று நான்கு கட்டங்கள். நான்கும் நிரம்பினால்தான் ஆலோசனைக் குழு பக்கத்துக்கு ஒப்புதல் தரும்.

3

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நான்கு தெரு தள்ளி முனுசாமி இருக்கிறார். வார நாட்களில் வீடுகளுக்கு வண்ணம் பூசுவார்; எங்கள் வீட்டுக்கும் அவர்தான் பூசினார். திருவிழா, ஊர்வலம், இறுதிச் சடங்கு என்று அழைப்பு வந்தால் தப்பு அடிக்கப் போவார். மரச்சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டி, நெருப்பில் காய்ச்சி, இரு குச்சிகளால் அடிக்கும் அந்தத் தோற்கருவியைத்தான் எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் தப்பு என்கிறோம். கன்னடத்தில் அதற்குத் தமட்டே என்று பெயர். அவருக்கு அழைப்பு குறைவில்லை. வாரத்தில் மூன்று முறைகூடப் போவார். பாதி பூசிய சுவரோடு நாங்கள் காத்திருந்திருக்கிறோம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆரணியில் எங்கள் தெருவுக்கு அந்த வாத்தியம் வந்ததே இல்லை. அதன் ஓசை மட்டும் வரும். வந்தால் அம்மா சன்னலைச் சாத்துவாள். இருபத்திரண்டு வயது வரைக்கும் நான் அதைக் கண்ணாடிக்கு இப்பாலிருந்தே கேட்டேன். அடிப்பவர்களில் ஒருவர் பெயரையும் கேட்டறிந்ததில்லை. முனுசாமியின் வீட்டுக்குப் படிவத்தோடு போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"உங்க குரு யாருங்க?" என்று முதல் கட்டத்திலிருந்து தொடங்கினேன்.

"குருவா? அல்லாம் பாத்துப் பாத்து வர்றதுதான் மேடம். எங்க பெரியப்பா நல்லா அடிப்பாரு. கத்துக் குடுன்னா, போடா அப்பால, சுண்ணாம்பு கலக்குன்னுவாரு."

"அரங்கேற்றம்?"

"அப்டின்னா?"

"மொதமொதல்ல பத்துப் பேர் முன்னாடி வாசிச்சது."

"அதே பெரியப்பா சாவுலதான்."

"அந்தாளு உசுரோட இருந்திருந்தா இவரக் கிட்டவே உட்டிருக்க மாட்டாரு" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"விருது ஏதாவது?"

முனுசாமி யோசித்தார். "ஒரு கட்சி ஊர்வலத்துல சால்வ போத்தினாங்கோ. கொஞ்ச தூரம் போனதும் திரும்ப வாங்கிகினாங்கோ, வேற ஆளுக்குப் போத்தணும்னு."

அவர் மகள் கலைவாணி என் நோட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்தபடி அருகிலேயே உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு, நாங்கள் கணினி வழங்கிய தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறாள். "அப்பா, ஒழுங்காப் பேசு. நீ சொல்றத அப்டியே எழுதிகினு இருக்காங்க" என்று அவரை அதட்டினாள். பிறகு என்னிடம், "மிஸ், இது நெட்ல எப்ப வரும்? நான் கிளாஸ்ல சொல்லிட்டேன்" என்றாள்.

"வர்றதுக்கு முன்னாடியே ஏம்மா சொன்னே?"

"தேன்மொழின்னு ஒருத்தி மிஸ். அவங்க மாமா கீபோர்டு வாசிக்கறாருன்னு டெய்லி ஒரே பேஜாரு. எங்கப்பா கம்ப்யூட்டர்லயே வரப்போறாருன்னு சொன்னேன். இன்னா வாசிக்கறாருன்னு கேட்டாளுங்க. சொல்லிட்டேன்." தாழ்ந்த குரலில் சேர்த்தாள்: "அதுவரைக்கும் பெயிண்டர்னு மட்டும்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

பேனாவை மூடிவிட்டேன். ஏழாண்டுகள் வகுப்பில் மறைத்துவைத்த ஒன்றை அந்தப் பெண் எங்கள் தளத்தை நம்பி வெளியே சொல்லிவிட்டாள். இனி அந்தப் பக்கம் வந்தே ஆக வேண்டும். சரியாகவும் வர வேண்டும். பெயர் விஷயத்தில் எனக்கு ஓர் ஐயம் இருந்தது. மேடைகளில் இப்போது இதைப் பறை என்கிறார்கள், அப்படிப் போடலாமா என்று முனுசாமியிடம் கேட்டேன்.

"மேடையில அது பெருமைதான் மேடம், நானே கை தட்டியிருக்கேன். கிளாஸ்ல அதோட ரெண்டு எழுத்து சேத்துக் கூப்புடுவாங்கோ. நீங்க அங்க இருக்க மாட்டீங்க, இவதான் இருப்பா. தப்புன்னே போடுங்க. நாங்க அப்டித்தான் சொல்றோம்."

குருவின் கட்டத்தில் பெரியப்பாவின் பெயரை எழுதினேன். அரங்கேற்றம் 'குடும்ப நிகழ்ச்சி' ஆயிற்று. விருதின் கட்டத்தில் 'பொது ஊர்வலத்தில் பொன்னாடை' என்று எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. குழு ஒப்புதல் தந்தது.

4

தளத்தில் ஒரு விளையாட்டும் உண்டு. ஒரு வாத்தியத்தின் ஓசை கேட்கும். நான்கு படங்கள் தோன்றும். சரியான படத்தைத் தொட்டால் ஒரு குரல் வாத்தியத்தின் பெயரைச் சொல்லும். வேறு படத்தைத் தொட்டால் 'தப்பு' என்று சொல்லும். குரல் என்னுடையதுதான். இதைப் படிக்கும்போதே உங்களுக்குப் புரிந்திருக்கும். மூன்று மாதம் அதில் மூழ்கியிருந்த எனக்குப் புரியவில்லை.

வெளியிடுவதற்கு முன் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று குறுந்தகட்டை எடுத்துவந்து என் மகள் நிலாவிடம் கொடுத்தேன். ஒன்பது வயது. ஆங்கிலவழிப் பள்ளி, இரண்டாம் மொழி கன்னடம். தமிழில் பேசுவாள், ஓர் எழுத்தும் படிக்கத் தெரியாது. ஞாயிறுதோறும் உட்காரவைத்து அகர வரிசையைத் தொடங்குவேன், ஙகரத்தைத் தாண்டியதில்லை. இத்தனைக்கும் ஊரார் பிள்ளைகளுக்குத் தமிழில் தளம் அமைப்பவள் நான்.

பத்து நிமிடத்தில் கன்னடம் கலந்து கூப்பிட்டாள். "அம்மா, ஈ கேம் போர். எதத் தொட்டாலும் தப்புங்குது."

"சரியானதத் தொட்டியா?"

"தமட்டே சவுண்டு கேட்டுச்சு. தமட்டே படத்தத்தான் தொட்டேன். தப்புன்னுச்சு. வேற தொட்டேன். அதுக்கும் தப்புன்னுச்சு."

"அதோட பேரே தப்புதான்டி."

"பேரு தப்பா?" என்று திரும்பிப் பார்த்தாள். "அப்ப சரியான பேரு என்ன?"

அன்று மாலை முழுவதும் எனக்கு அவள் மேலும் என் மேலும் மாறி மாறிக் கோபம் வந்தது. ஊரில் வளர்ந்த பிள்ளையாக இருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு, ஊரில் வளர்ந்திருந்தால் அந்தப் படத்தைத் தொட விட்டிருப்பார்களா என்றும் நினைத்தேன். சரியானதைத் தொட்ட பிள்ளைக்குத் தவறு என்று கேட்கிறது; அது போதாதா ஒரு தளத்தைப் பழிக்க.

5

நாகராஜ் பெங்களூரிலேயே பிறந்தவர். வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தமிழ்; தமிழ் படிக்க மட்டும் தெரியாது. நல்லவர், தொல்லை வேண்டாம் என்பதே அவருடைய கொள்கை.

"நோடி மேடம், சிம்பிளா மிருதங்கம் போட்டுடலாம். அதுல யாருக்கும் கன்ஃப்யூஷன் இல்ல."

"முனுசாமி மிருதங்கம் வாசிக்க மாட்டாரே சார்."

"வேற ஆள். நம்ம கமிட்டி மெம்பர் தம்பியே வாசிப்பாரு. குரு, விருது அல்லாம் ரெடியா இருக்கு."

"அவருக்குச் சொல்லியாச்சு சார். அவர் பொண்ணு வகுப்புல சொல்லிட்டா."

"சரி, தமட்டேன்னு போடுங்க. அதுவும் ஒண்ணேதானே?"

தமிழ்ப் பக்கத்தில், தமிழ் பேசும் ஒருவர் தம் கருவிக்குச் சொல்லும் பெயரை எடுத்துவிட்டுக் கன்னடப் பெயரை ஏன் போட வேண்டும் என்று கேட்டேன். நான் வந்த புதிதில் பேருந்தில் தமிழ் பேசினால் பக்கத்தில் இருப்பவர் கையை அழுத்தி, மெதுவாகப் பேசு என்பார். அந்த நாளெல்லாம் நினைவுக்கு வந்து குரல் சற்று உயர்ந்துவிட்டது. நாகராஜ் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஒவ்வொரு வழியிலும் யாருக்கு என்ன விளையும் என்று தாளில் எழுதிப் பார்த்தேன். அது என் பழக்கம். கருவியின் பெயரைத் தொட வேண்டியதில்லை. விளையாட்டில் பிழையான விடைக்கு வரும் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். மறுநாளே முறைப்படி கடிதம் கொடுத்தேன்: "தமிழ்ப் பகுதியில் 'தப்பு' என்று வரும் இடங்களில் 'தவறு' என மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்." ஒற்றுப் பிழை இருக்கக் கூடாது என்று மூன்று முறை படித்துப் பார்த்தேன். ஒற்றுப் பிழை இல்லை. மூன்று கையெழுத்துகளும் ஒரே வாரத்தில் கிடைத்தன. என் குரலையும் மறுபடி பதிவு செய்தோம். முனுசாமியின் பக்கத்தை எவரும் திறந்து பார்க்கவில்லை. ஒருமுறை ஒப்புதல் பெற்ற பக்கத்தை மறுபடி திறக்கக் கூடாது என்பது விதி.

6

ஒரு சனிக்கிழமை காலை, கலைவாணியின் பள்ளியிலேயே தளத்தைத் தொடங்கிவைத்தோம். நான்கு கணினிகளில் மூன்று வேலை செய்தன. நாகராஜ் கன்னடத்தில் சுருக்கமாகப் பேசினார். முனுசாமி வேலைக்குப் போகாமல், சலவைச் சட்டை அணிந்து, தப்போடு தாழ்வாரத்தில் நின்றார். பிள்ளைகள் பக்கத்தைப் படித்து முடித்ததும் அவர் வாசிப்பதாக ஏற்பாடு. கலைவாணிதான் உரக்கப் படிக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

படம் வந்தது. கைதட்டினார்கள். கலைவாணி படிக்கத் தொடங்கினாள்.

"தவறுக் கலைஞர் திரு. முனுசாமி. இவர் இருபது ஆண்டுகளாகத் தவறு..."

நின்றுவிட்டாள். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த தேன்மொழி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"தவறு வாசித்து வருகிறார். தவறு செய்வதற்கு வேப்பமரச் சட்டமும் நன்கு பதப்படுத்திய தோலும் தேவை. தவறு இல்லாமல் எங்கள் தெருவில் திருவிழா இல்லை என்கிறார் திரு. முனுசாமி."

சிரிப்பு முதல் வரிசையில் தொடங்கிக் கடைசி பெஞ்சு வரை போயிற்று. தலைமை ஆசிரியை மேசையைத் தட்டினார். நாகராஜ், பிள்ளைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எண்ணித் தாமும் சிரித்தார். என் கடிதம் வரி மாறாமல் நிறைவேற்றப்பட்டிருக்கிறது என்பது எனக்கு உறைக்கச் சில நொடிகள் ஆயின.

"தவறு செய்யத் தோல் வேணுமாம்டி" என்று தேன்மொழி மறுபடியும் தொடங்கினாள்.

கலைவாணி திரும்பினாள். "உங்க மாமா பட்டன அமுக்கிட்டு சும்மா நிப்பாரு, அது பாட்டுக்கு வாசிச்சிக்கும். எங்கப்பா தவறே பண்ணாலும் சொந்தக் கையால பண்றாருடி" என்று சொல்லிவிட்டு நேராகத் தாழ்வாரத்துக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

முனுசாமி எல்லாவற்றையும் கேட்டிருந்தார். தப்பைத் துணிப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துடுங்க மேடம்" என்றார்.

பிழை என்னுடையது என்றும், திருத்திவிடலாம் என்றும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

"நானா வந்து கேட்டேன்? நீங்க வந்தீங்க. போட்டோ புடிச்சீங்க. கையெழுத்து வாங்கினீங்க. சுவத்துல ஒரு கோடு கோணலாப் போனா எத்தினி தபா கூப்ட்டுக் காட்டுவீங்க? இத ஒரு தபா படிச்சிப் பாக்கலியா? எடுத்துடுங்க. எனக்கு வாணாம்."

"எடுக்கக் கூடாது மிஸ்" என்றாள் கலைவாணி.

"நீ சும்மா இரு."

"நீ பெயிண்ட் அடிக்கப் போயிடுவப்பா. திங்கக்கெழம நான்தான கிளாஸுக்குப் போவணும்? பதினொரு மணிக்குக் கம்ப்யூட்டர் பீரியட். எல்லாரும் தேடிப் பாப்பாளுங்க. இல்லன்னா நான் அளந்துட்டேன்னுவாங்க. இருந்தா மறுபடியும் படிச்சிச் சிரிப்பாங்க." என்னைப் பார்த்தாள். "எடுக்காதீங்க. மாத்துங்க. அதுக்குள்ள மாத்துங்க."

எடுப்பது எளிது; நாகராஜிடம் ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிடமே எடுத்துவிடுவார், மகிழ்ச்சியோடு. திருத்துவதற்கோ திருத்தப் படிவம், காரணக் குறிப்பு, குழுவின் கூட்டம். கூட்டம் அடுத்த மாதம்தான். பாடநூலில் பிழை வந்தால் மறுபதிப்பு வரை காத்திருக்கலாம். பிள்ளைகளும் அடித்துத் திருத்திக்கொள்வார்கள். திரையில் தெரிவதை எந்தப் பிள்ளையும் அடித்துத் திருத்த முடியாது. அதே சமயம் அதை அரை மணி நேரத்தில் மாற்றிவிட முடியும். அந்த அரை மணி நேரத்தை ஒரு மாதமாக நீட்டிவைப்பது எங்கள் விதிகள்தாம். அந்த விதிகளில் பாதியை எழுதிக் கொடுத்தவள் நான்.

"ஒங்க இஷ்டம்" என்றார் முனுசாமி, என்னிடமா மகளிடமா என்று தெரியாமல். துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று யாரும் வாசிக்கவில்லை.

7

பிற்பகலே அலுவலகத்துக்குப் போனேன். தளத்தின் தொழில்நுட்ப வேலையெல்லாம் சலீமுடையது. சிவாஜிநகர்க்காரர், உருதும் தமிழும் கன்னடமும் சரளமாகப் பேசுவார், தமிழ் படிக்கத் தெரியாது. நடந்ததைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"எனக்கு இது அல்லாம் ஜிலேபி மேடம். லெட்டர்ல இருந்த ஷேப்ப மெஷின்ல குடுத்தேன், எங்கெங்க கீதோ அத்தினியும் மாத்துன்னேன். முப்பத்தி ரெண்டு எடத்துல மாத்திச்சு. நல்ல வேலைன்னு நெனச்சேன்."

"இப்ப முனுசாமி பக்கத்துல மட்டும் திருப்பி மாத்தணும்."

"அப்ரூவல்?"

"இல்ல."

"நக்கோ மேடம், வாணாம். வேலைக்கு உலை வெச்சிடுவாங்க."

அது நியாயமான அச்சம். ஒரு பெண்ணின் திங்கட்கிழமைக்காக இன்னொருவரின் வேலையைப் பணயம் வைக்க எனக்கு உரிமை இல்லை. முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கையெழுத்திட்டுத் தருவதாகச் சொல்லித் தாளை எடுத்தேன்.

"எழுதிக் குடுக்காதீங்க" என்றார் சலீம் அவசரமாக. "போன தபா எழுதிக் குடுத்ததுலதான் இவ்ளோ ஆச்சு. நாக்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, எது எதுன்னு கை காட்டுங்க. யார்னா கேட்டா நீங்க சொன்னீங்கன்னு சொல்றேன்."

"சொல்லுங்க."

அந்தப் பக்கத்தில் பதினோர் இடங்கள். ஒவ்வொன்றாக விரலால் காட்டினேன், ஒவ்வொன்றாக மாற்றினார். ஏழாவது இடத்தில் நான் காட்டுவதற்கு முன்பே அவரே மாற்றிவிட்டார். "மூணு எழுத்து, நடுவுல புள்ளி வெச்சது, அதானே தப்பு? எங்க தாத்தா மய்யத்தத் தூக்கிகினு போறப்ப தப்படிக்கறவங்க நின்னு வழி உட்டாங்க, அடிக்கறத நிறுத்திட்டு" என்றார். அவர் அதைச் சொன்ன பிறகு நாங்கள் சற்று மெதுவாகவே வேலை செய்தோம்.

ஞாயிறு மாலை தொலைபேசி ஒலித்தது. மெயின் ரோட்டில் உள்ள பிரவுசிங் சென்டரிலிருந்து கலைவாணி.

"மிஸ், பாத்துட்டோம். மொத்தமும் படிச்சிட்டேன். சரியா கீது."

"அப்பா வந்திருக்காரா?"

"பக்கத்துலதான் நிக்கறாரு."

"என்ன சொல்றாரு?"

பேச்சு அப்பால் திரும்பியது. ஏதோ வாக்குவாதம் கேட்டது. மறுபடி வந்தாள். "போட்டோல முடி கலைஞ்சி கீதாம். சீவிட்டு வரச் சொல்லி ஏன் சொல்லலன்னு கேக்கறாரு."

அடுத்த முறை நல்ல படமாக எடுக்கலாம் என்று சொல்லச் சொன்னேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் குறிப்பாணை மேசை மேல் இருந்தது. சனிக்கிழமை ஒப்புதல் இன்றிப் பக்கம் மாற்றப்பட்டதாகக் கணினிப் பதிவு காட்டுகிறது. எதை எதுவாக மாற்றினேன் என்று உடனே எழுத்தில் விளக்கம் தர வேண்டும். கோப்புக்காக அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட வேண்டும். இவற்றைப் பரிசீலித்து, தேவையெனில் பழைய பக்கமே இன்று காலைக்குள் மீட்கப்படும். சலீம் தூரத்திலிருந்து கடிகாரத்தைக் காட்டினார். பத்தேகால்.

உண்மையை ஒரே வரியில் எழுதினேன்: "'தவறு' என்று இருந்த பதினோர் இடங்களில் 'தப்பு' என்று திருத்தினேன்." மொழிபெயர்ப்புப் பிரிவில் அதை வாங்கி, அகராதியைப் புரட்டி, ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு நாகராஜிடம் அனுப்பினார்கள். அவர் அழைத்தார். அந்த வாத்தியம், அதன் பெயர், அந்தப் பெயர் ஏன் முக்கியம், அதை எழுதத் தயங்கியவர்கள் யார், எழுதாமல் விட்டால் யாருக்கு என்ன நேரும் என்று, கேள்வி வரும் என எதிர்பார்த்து முந்தின இரவே எழுதிவைத்திருந்த நான்கு பக்கத்தை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு போனேன்.

நாகராஜ் ஆங்கிலத் தாளை இரண்டு முறை படித்தார். "மேடம், மிஸ்டேக்க மிஸ்டேக்குன்னு மாத்தியிருக்கீங்க."

"சார், அது..."

"முன்னாடியும் மிஸ்டேக், இப்பவும் மிஸ்டேக். இதுல சேஞ்ச் எல்லி, எங்க இருக்கு?"

வாயைத் திறந்தேன். நான்கு பக்கமும் நாவின் நுனியில் இருந்தன. அவற்றைச் சொன்னால் அவருக்குப் புரியும். புரிந்தால் இது பெரிய விஷயம் என்று தெரியும். பெரிய விஷயம் என்றால் குழுவுக்குப் போகும். குழு கூடும் வரை பழைய பக்கம் திரும்பிவிடும்.

"மீனிங் மாறலன்னா கமிட்டிக்கே போக வேண்டாம். ஆய்த்து, விடுங்க" என்று சொல்லி, கோப்பின் ஓரத்தில் 'உள்ளடக்கத்தில் மாற்றம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"சரி சார்" என்றேன்.

தெரிந்த ஒன்றை விளக்காமல் நான் ஓர் அறையைவிட்டு வெளியே வந்தது அநேகமாக அதுவே முதல் முறை. அது நேர்மையா என்று இன்னமும் எடைபோட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். தட்டு ஒரு பக்கமும் சாயவில்லை. சலீமின் கணினியில் முனுசாமியின் பக்கம் கலைந்த தலையோடு திறந்திருந்தது. பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.